கோட்டையா, கல்திட்டையா, தீர்த்தமா? தருமபுரி, கிருஷ்ணகிரியில் ஒரு நாள் மலை ஏற எதைத் தேர்ந்தெடுப்பது

பெங்களூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ ஒரு நாள் விடுமுறையில் வந்து மலை ஏற வேண்டும், பழைய இடம் ஒன்றையும் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் பதில் ஒகேனக்கல். அது அருவிக்கும் பரிசலுக்கும் மீன் வறுவலுக்கும் உரிய இடம். போய் வாருங்கள், ஆனால் கால் வலிக்க நடந்து, மேலே நின்று நாலு திசையும் பார்த்து, அந்த மண்ணின் கதையைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டுமென்றால் வேறு இடங்கள் இருக்கின்றன. அந்த இடங்களைத்தான் இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கப் போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த மலை என்று முடிவு செய்வதற்கு முன்னால், காலையில் எத்தனை மணிக்கு அடிவாரத்தில் நிற்க முடியும் என்பதை முடிவு செய்யுங்கள். எங்கள் மாவட்டங்களின் மலைகளில் பாதி மொட்டைப் பாறை. ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் அந்தப் பாறை சூடேறத் தொடங்கினால் மாலை வரை தணியாது. ஏற்காடு, கொடைக்கானலை மனதில் வைத்துக்கொண்டு பதினொரு மணிக்கு வந்து இறங்குகிறவர்கள் பாதி வழியில் திரும்புவதை அடிக்கடி பார்க்கிறேன். ஏழு மணிக்குள் ஏறத் தொடங்க முடியுமானால் எல்லா இடமும் உங்களுக்குத் திறந்திருக்கிறது. முடியாதென்றால் பட்டியல் பாதியாகக் குறையும். அந்தப் பாதியில் எது மிஞ்சும் என்பதையும் சொல்கிறேன்.

கோட்டைகளில் தொடங்கலாம். இந்த நிலப்பகுதிக்குப் பாராமகால் என்று பெயர் இருந்த காலத்தில் மலைக்கு மலை ஒரு துர்க்கம், அதாவது மலைக்கோட்டை, இருந்தது. தட்டக்கல், மகாராஜகடை, ஜெகதேவி, அங்குசகிரி, வீரபத்திரதுர்க்கம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஒரே நாளில் பார்க்க வருகிறவருக்குப் போட்டி இரண்டுக்குள்தான்: கிருஷ்ணகிரிக் கோட்டை, இராயக்கோட்டை.

கிருஷ்ணகிரிக் கோட்டைக்கு இருக்கும் பெரிய வசதி, அது ஊருக்குள்ளேயே நிற்பது. பழையபேட்டைப் பக்கம் போனால் மலை தலைக்கு மேல் இருக்கும். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் அடிவாரம், அங்கிருந்து நேராகப் படி. சையத் பாஷா மலை என்றும் சொல்வார்கள். மேலே தர்கா இருப்பதால் வழிபாட்டுக்கு ஏறுகிறவர்களும் உண்டு, அதனால் வழி ஆளில்லாமல் கிடப்பதில்லை. விஜயநகரக் காலத்துக் கோட்டை, பிறகு மைசூர் சுல்தான்கள் கையில் இருந்தது. முதல் மைசூர்ப் போரில், 1768-ல், நீண்ட முற்றுகைக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடம் சரணடைந்தது. மூன்றாம் போரில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1791 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் இரவில் தாக்கிக் கீழ்க்கோட்டையையும் பேட்டையையும் பிடித்தார். மேல்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. ஏணி வைத்து ஏற முயன்ற படைமேல் மேலிருந்து பாறைகளை உருட்டித் தள்ளியிருக்கிறார்கள். படி ஏறும்போது செங்குத்தாக நிற்கும் அந்தப் பாறைச் சுவரை நிமிர்ந்து பாருங்கள். ஏன் முடியவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இராயக்கோட்டைக்கு வருவோம். கிருஷ்ணகிரியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். தருமபுரி – ஓசூர் ரயில் பாதையில் நிலையம் உண்டு. கிருஷ்ணகிரி நகருக்கு இன்று வரை ரயில் இல்லாத நிலையில் இது சின்ன விஷயமில்லை. ஊர் தக்காளிச் சந்தைக்குப் பேர் போனது. விடியற்காலையில் வந்தால் கூடை கூடையாகத் தக்காளி ஏற்றும் வண்டிகளைத் தாண்டித்தான் மலைக்குப் போக வேண்டியிருக்கும். மலை ஊரை ஒட்டியே நிற்கிறது. முதலில் படி, அப்புறம் பாறையில் வெட்டிய வழி, இடையிடையே வாசல்கள், மேலே சுனைகளும் இடிந்த கட்டடங்களும். நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரம், குழந்தைகளோடு ஒன்றரை.

மைசூர் மேட்டு நிலத்துக்கு ஏறும் கணவாய் ஒன்றுக்குக் காவலாக நின்ற கோட்டை இது. 1791 ஜூலையில் மேஜர் கவுடி இதைக் கைப்பற்றினார். மறு வருடம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் முழுக்கக் கம்பெனிக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே வரி வசூலிக்க வந்தார்கள். உழவரிடம் நேரடியாகக் கணக்கு வைக்கும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. ஏழு வருடம் கழித்து, 1799 மார்ச் தொடக்கத்தில், திப்புவின் தலைநகரை நோக்கிப் புறப்பட்ட ஜெனரல் ஹாரிஸின் படை இராயக்கோட்டையில்தான் முகாமிட்டது. மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. மேலே நின்று மேற்கே பார்த்தால் நிலம் படிப்படியாக உயர்ந்து மைசூர்ப் பக்கம் போவது கண்ணுக்குத் தெரியும். அந்தப் படை ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது என்பது அந்த ஒரு பார்வையில் புரிந்துவிடும். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் இவ்வளவு தெளிவாகப் புரியாது.

இரண்டில் ஒன்று என்றால் நான் இராயக்கோட்டையைத்தான் சொல்வேன். கிருஷ்ணகிரியில் மேலிருந்து பார்ப்பது பெரும்பாலும் நகரமும் நெடுஞ்சாலையும். இராயக்கோட்டையில் வயலும் ஏரியும் மலைத்தொடரும் விரியும். ஏற்றமும் அங்கே சுவையாக இருக்கிறது, ஒவ்வொரு வாசலும் ஒரு திருப்பத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து வெளிப்படும். ஆனால் கையில் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது, சென்னை – பெங்களூரு சாலையில் போகிற வழியில் இறங்கி ஏறிவிட்டுப் போக வேண்டும் என்றால் கிருஷ்ணகிரி போதும். அதற்காக முப்பது கிலோமீட்டர் விலகிப் போக வேண்டாம்.

இரண்டு கோட்டைக்கும் பொதுவாகச் சில எச்சரிக்கைகள். சுனைகளில் இறங்கிக் குளிக்காதீர்கள். பாறைக் குழியில் ஆழம் மேலிருந்து தெரியாது, கரை வழுக்கும், உள்ளே விழுந்தவர் பிடித்து ஏறப் பிடிமானம் இருக்காது. பாறை இடுக்கில் மலைத்தேன் கூடு இருந்தால் சத்தம் போடாமல் விலகிப் போங்கள். அங்கே புகை, பட்டாசு, வாசனைத் திரவியம் எதுவும் வேண்டாம். அப்புறம், சுவரில் பெயர் எழுதுவது. இவை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள். 1958-ஆம் வருடச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தண்டனைக்குப் பயந்து அல்ல, பல நூறு வருடம் மழையையும் பீரங்கியையும் தாங்கிய சுவர் நம் காலத்தில் ஆணியாலும் பெயிண்டாலும் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். மேலே உடைந்து கிடக்கும் பாட்டில் கண்ணாடியைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

சரி, கோட்டைக்கும் முந்தைய காலம் வேண்டுமா? அதற்கு மல்லச்சந்திரம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் வழியில், சூளகிரிக்கு முன்னால், சாமல்பள்ளம் பக்கம் உள்ளே போக வேண்டும். அங்கே பாறைக் குன்றின்மேல் பெருங்கற்காலக் கல்திட்டைகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. நாலு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல், ஒரு பக்கக் கல்லில் இடுதுளை என்று சொல்லும் வட்டமான ஓட்டை. சிலவற்றைச் சுற்றி மேல்பக்கம் வளைவாகச் செதுக்கிய கற்களை வட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் விரிந்த பூவின் இதழ்கள் போலத் தெரியும். சிலவற்றின் உட்பக்கக் கல்லில் வெள்ளை ஓவியம் மங்கலாக இருக்கிறது. பாண்டவர் வனவாசம் வந்தபோது கட்டிய வீடுகள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையில் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. இரும்பைப் பயன்படுத்தத் தொடங்கிய மக்கள், தாங்கள் குடியிருந்த வீட்டைவிட உறுதியாக முன்னோர்க்கு வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். அவர்கள் வாழ்ந்த குடிசை ஒன்றுகூட மிஞ்சவில்லை, இது மிஞ்சியிருக்கிறது.

ஏற்றம் என்று பார்த்தால் இது இராயக்கோட்டையில் பாதிகூட இல்லை. அதனால் முழங்கால் வலி உள்ளவர்களும் மெதுவாகப் போய்விடலாம். ஆனால் நிழல் அறவே கிடையாது. குடிநீர் கிடையாது, கடை கிடையாது, வழிகாட்டிப் பலகையை நம்பிப் போக முடியாது. சொந்த வண்டி இல்லாமல் போவது சிரமம். அடிவார ஊரில் வண்டியை நிறுத்தி, ஆடு மேய்க்கிறவர் யாரிடமாவது வழி கேட்டுக்கொண்டு போவதுதான் நடைமுறை. இந்தப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய, தமிழ் எல்லோருக்கும் தெரியும், பயப்பட வேண்டாம். மூடுகல் மேல் ஏறி நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் தயவுசெய்து இறங்கச் சொல்லுங்கள். சாய்ந்துகொண்டு நிற்கும் கல் அது, எந்த எடையில் சரியும் என்று யாரும் சொல்ல முடியாது. புதையல் இருக்கும் என்று தோண்டியதில் ஏற்கெனவே நிறையக் கெட்டுவிட்டது.

மல்லச்சந்திரத்தோடு மயிலாடும்பாறையையும் சேர்த்துக் கேட்பார்கள். பர்கூர் வட்டம் தொகரப்பள்ளி அருகே உள்ள இடம். 2021-ல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்ததில் கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 2172 வரை போனது. தமிழ்நாட்டில் 4200 வருடங்களுக்கு முன்பே இரும்பு இருந்தது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். செய்தி பெரிது. ஆனால் அகழாய்வுக் குழிகளை மூடிய பிறகு போகிறவருக்குப் பார்க்க மலையும் பாறை ஓவியமும் புதைகுழிக் கல்வட்டங்களும்தான், அவையும் தெரிந்தவர் துணை இல்லாமல் கண்ணில் படாது. தொல்லியல் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் போங்கள். மற்றவர்களுக்கு மல்லச்சந்திரம் கண்ணெதிரே பேசும், மயிலாடும்பாறையில் யாராவது பேச வேண்டியிருக்கும்.

இந்த இரண்டில் எதற்குப் போனாலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தையோ தருமபுரி அகழ்வைப்பகத்தையோ சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் நேரத்தை அங்கே கழிக்கலாம். நடுகற்கள்தான் அங்கே முக்கியம். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவன், புலியோடு மோதிச் செத்தவன் என்று ஊர் ஊராக நின்ற கற்கள். தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான் (இறந்தான்) என்ற ஒரு வரிக் கல்வெட்டு, கையில் வில்லும் வாளுமாக ஒரு உருவம். அதியமானும் ஔவையும் இருந்த தகடூர் (தருமபுரியின் பழைய பெயர்) நாட்டில் சாதாரண மனிதனுக்கும் நினைவுக்கல் இருந்தது என்பது எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும். அரசன் பெயரைவிட மாடு மீட்டவன் பெயர்தான் இங்கே கல்லில் அதிகம்.

மூன்றாவது வகை, வயதானவர்களும் சேர்ந்து வரும் குடும்பத்துக்கு. அங்கே போட்டி தீர்த்தமலைக்கும் வத்தல்மலைக்கும்.

தீர்த்தமலை அரூரிலிருந்து பதினாறு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. மலை மேல் தீர்த்தகிரீஸ்வரர். ராவணனைக் கொன்றுவிட்டுத் திரும்பும் வழியில் பூசைக்கு நீர் வேண்டி ராமர் அம்பெய்த இடத்தில் ஊற்று வந்தது என்பது தலவரலாறு. ராமர் தீர்த்தம் பாறை உச்சியிலிருந்து தலைமேல் விழும். குமார, கௌரி, அகத்தியர், அக்கினி தீர்த்தங்களும் உண்டு. அருணகிரிநாதர் பாடிய தலம், சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள கோயில். ஏற்றம் சுலபம் என்று சொல்ல மாட்டேன், கடைசிப் பகுதி மூச்சு வாங்க வைக்கும். ஆனால் படி இருக்கிறது, வழியில் உட்கார இடம் இருக்கிறது, மரம் இருக்கிறது, மேலே போனதும் குளிர்ந்த நீர் தலையில் விழுகிறது. கோட்டைக்கு வர மாட்டேன் என்று சொல்லும் பாட்டி தீர்த்தமலைக்கு முன்னால் நடப்பார். குரங்குகள் உண்டு, பையில் தின்பண்டம் வெளியே தெரிய வைக்காதீர்கள். மாசித் திருவிழா நாட்களில் கூட்டம் தாங்காது, நடக்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். போகிற வழியிலேயே தென்பெண்ணைக் கரையில் அனுமந்ததீர்த்தம் இருக்கிறது, ஆற்றில் நீர் இருக்கும் காலத்தில் அதையும் பார்த்துவிடலாம்.

வத்தல்மலை வேறு விதம். தருமபுரியிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் மேலே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். முன்பு தலைச்சுமையாகப் பொருள் ஏற்றிய இடத்துக்கு இப்போது கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை, அரசுப் பேருந்து. மேலே காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, சில்வர் ஓக், சாமை, ராகி. வரலாற்றுச் சின்னம் என்று எதுவும் தேடாதீர்கள். குளிர்ந்த காற்றில் ஊருக்கும் ஊருக்கும் இடையே நடப்பதுதான் இங்கே அனுபவம். பதினொரு மணிக்குத்தான் வர முடியும் என்கிறவர்களுக்கு மிஞ்சும் இடம் இதுதான், பாறை இல்லை, மரம் இருக்கிறது. காட்சிமுனைக் கைப்பிடியும் ஓட்டலும் எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். தோட்டத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், வீட்டு முற்றத்தில் காயும் காப்பிக் கொட்டையைப் படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அது சுற்றுலாத் தலம் ஆவதற்கு முன்பே அவர்களுடைய ஊர்.

குடும்பத்தோடு என்றால் என் ஓட்டு தீர்த்தமலைக்கு. வத்தல்மலைக்கு வண்டியிலேயே ஏறிவிடுவதால், மலை ஏறினோம் என்ற நிறைவு கிடைக்காது.

கடைசியாக, இளைஞர்கள் எல்லோரும் கேட்கும் பெட்டமுகிலாளம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம். மேலகிரி மலைத்தொடர், உண்மையிலேயே அழகு, உண்மையிலேயே குளிர்ச்சி. ஆனால் யானைக்காடு. 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்த காடு இதில் அடங்கும். மழை முடிந்து நமக்கு நடக்க மிக நல்ல காலமான நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான், ராகி விளையும் சமயம் பார்த்து, கர்நாடகத்துப் பன்னேர்கட்டாக் காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்களும் இங்கே வந்து இறங்கும். ராத்திரி முழுக்கத் தூங்காமல் பரண் மேல் உட்கார்ந்து வயல் காக்கும் விவசாயிகளைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் இதை விளையாட்டாகப் பேச மாட்டார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவது குற்றம். 2024-ல் தொடங்கிய வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் குத்திராயன் சிகரமும் அய்யூர் – சாமி ஏரி வழியும் உண்டு. இணையத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். காட்டுத் தீக் காலத்தில் நிறுத்திவைப்பார்கள், அதனால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இராயக்கோட்டையை மூச்சு வாங்காமல் ஏறுகிறவர்கள் அடுத்து குத்திராயனுக்குப் போகலாம். முதல் மலையே அதுவாக வேண்டாம்.

இப்போது நாளை எப்படி அடுக்குவது என்று பார்ப்போம். நண்பர்கள் நாலு பேர், சொந்த வண்டி, விடியலில் கிளம்பத் தயார் என்றால் ஆறரைக்கு இராயக்கோட்டை அடிவாரம், பத்துக்குள் இறக்கம், ஊரில் டிபன், வெயில் நேரத்தில் கிருஷ்ணகிரி அருங்காட்சியகம், நாலு மணிக்கு மேல் மல்லச்சந்திரம். மாலைச் சாய்வெயிலில் கல்திட்டைகளை நிதானமாகப் பார்க்கலாம். இருட்டுவதற்குள் சாலைக்கு வந்துவிடுங்கள். பேருந்தை நம்பி வருகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் சேர்க்க முயல வேண்டாம், இராயக்கோட்டை மட்டும் போதும், ரயிலிலேயே வந்து திரும்பலாம்.

பெரியவர்களும் குழந்தைகளும் இருந்தால் தீர்த்தமலை, அனுமந்ததீர்த்தம், அத்தோடு நாளை முடித்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் தருமபுரியில் நேரம் மிஞ்சினால் அகழ்வைப்பகம் அல்லது அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில், அங்கே கூரை ஓவியங்கள் பார்க்கத் தகுந்தவை. தாமதமாகக் கிளம்பும் கூட்டத்துக்கு வத்தல்மலை.

மார்ச் முதல் மே வரை வருகிறவர்களுக்கு நான் எந்தப் பாறை மலையையும் சொல்ல மாட்டேன். தீர்த்தமலைகூட அதிகாலையில் மட்டும். அந்த மாதங்களில் கிருஷ்ணகிரி வந்தால் மாம்பழம் வாங்கிக்கொண்டு போங்கள், மலைக்கு மழை கழிந்து வாருங்கள். எந்த மாதமானாலும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிப்புள்ள செருப்பு அல்லது ஷூ. சாப்பாட்டுக்குப் புளிசாதமும் மோரும் கட்டிக்கொள்ளுங்கள், கோட்டை மேலும் கல்திட்டைப் பக்கமும் எதுவும் கிடைக்காது. கட்டிக்கொண்டு போன கவரைத் திரும்பக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.